எல்லைக் கிராமங்களில் குழந்தைக் கடத்தல்: மீட்பு மட்டும் போதாது

குழந்தைக் கடத்தல் என்றதும் முகம் தெரியாத ஒருவன் குழந்தையைத் தூக்கிச் செல்லும் காட்சியே பலரின் மனத்தில் எழுகிறது. கேரள-தமிழக எல்லைப்புறத்தில் தரகராக வருபவர் பெரும்பாலும் குடும்பத்துக்குத் தெரிந்தவர். சில வேளை உறவினர். கையில் முன்பணத்துடன் வருகிறார். வேலை, சாப்பாடு, படிப்பு என்று வாக்குறுதி தருகிறார். வறுமையில் உழலும் பெற்றோர் சம்மதிக்கிறார்கள். அந்தச் சம்மதத்தைக் காட்டியே, நடந்தது குற்றமே அல்ல என்று பின்னர் வாதிடவும் முடிகிறது.

2014 மே மாதம் பாலக்காடு ரயில் நிலையத்தில் பீகார், ஜார்க்கண்ட், மேற்கு வங்கத்திலிருந்து வந்த ஐந்நூறுக்கும் மேற்பட்ட குழந்தைகள் தடுத்து நிறுத்தப்பட்டனர். மலபார் பகுதியின் அனாதை இல்லங்களுக்கு அவர்கள் அழைத்து வரப்பட்டிருந்தனர். வகுப்புவாத சக்திகள் இதை ஒரு சமூகத்தின் மீதான பழியாக மாற்ற முயன்றன. பின்னர் விசாரித்த மத்தியப் புலனாய்வுத் துறையோ, இது கடத்தல் அல்ல என்ற முடிவுக்கே வந்தது. வழக்கு அத்துடன் முடிந்தது; கேள்வி முடியவில்லை. சோற்றுக்கும் பள்ளிக்கும் தம் பிள்ளைகளை இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் அனுப்பும் நிலையில் ஏழைகள் ஏன் இருக்கிறார்கள்? நல்லெண்ணத்தோடு அழைத்துச் செல்பவர் வரும் அதே வழியில்தான் தரகரும் வருகிறார்.

இடுக்கியின் ஏலத்தோட்டங்களைப் பார்ப்போம். தேனி மாவட்டத்தின் கம்பம், போடி, உத்தமபாளையம் பகுதிகளிலிருந்து குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாகத் தொழிலாளர்கள் நாள்தோறும் ஜீப்புகளில் மலையேறுகிறார்கள். ஜார்க்கண்ட், மத்தியப் பிரதேசம், அசாம் தொழிலாளர்கள் குடும்பத்தோடு தோட்டங்களிலேயே தங்குகிறார்கள். ஏலக்காய் அறுவடைக் காலமும் பள்ளிக் காலமும் ஏறக்குறைய ஒன்றே. தாய் காய் பறிக்கச் சென்றால் குழந்தையை எங்கே விடுவது? லயத்தில் தனியாக விட வேண்டும். இல்லையேல் தோட்டத்துக்கு அழைத்துச் செல்ல வேண்டும். தோட்டத்துக்கு வரும் குழந்தையின் கையில் கூடை வர அதிக நாள் ஆகாது.

1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம், ஐம்பது பெண் தொழிலாளர்களோ, பெண் தொழிலாளர்களின் இருபது குழந்தைகளோ இருந்தால் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றது. ஆனால் ஐந்து ஹெக்டேருக்குக் குறைந்த நிலமும் பதினைந்து பேருக்குக் குறைந்த ஆளும் உள்ள தோட்டங்கள் பொதுவாக அதன் வரம்புக்குள் வரவில்லை. ஏலத்தோட்டங்களில் பெரும் பகுதி சிறு உடைமைகளே. 1979ஆம் ஆண்டு மாநிலங்களுக்கிடையிலான புலம்பெயர் தொழிலாளர் சட்டம் ஐந்து பேர் இருந்தாலே பொருந்தியது. 2025 நவம்பரில் ஒன்றிய அரசு நடைமுறைக்குக் கொண்டுவந்த தொழிலாளர் சட்டத் தொகுப்போ அதைப் பத்தாக உயர்த்திவிட்டது. ஆறேழு பேரை வைத்து நடத்தும் தோட்டத்தில் யார் வந்தார், யாருடைய குழந்தை எங்கே என்று கேட்கும் சட்டக் கடமை இதனால் மேலும் சுருங்குகிறது. பதிவேட்டில் இல்லாத குழந்தை காணாமற்போனால் தேடுவதற்கு ஆளில்லை.

2016இல் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தைத் திருத்தியபோது, பள்ளி நேரம் போக மற்ற நேரத்தில் குடும்பத் தொழிலுக்கு உதவலாம் என்று விலக்களித்தார்கள். தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டத்தைச் சமக்ர சிக்ஷாவுடன் இணைத்து அதன் தனி இருப்பை ஒழித்தார்கள். ஒரு கையால் தடையைத் தளர்த்தி, மறு கையால் மறுவாழ்வுத் திட்டத்தைக் கரைத்த அரசு, கடத்தலைத் தடுக்கத் தண்டனையைக் கூட்டினால் போதும் என்று நம்மை நம்பச் சொல்கிறது.

தண்டனை வேண்டியதே. ஆனால் காவல்துறை மீட்டு வீட்டுக்கு அனுப்பும் குழந்தை, அதே கடனும் அதே தரகரும் காத்திருக்கும் வீட்டுக்குத்தான் திரும்புகிறது. 1996இல் சிவகாசி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை உணர்ந்தே, வேலைக்கு வைத்த முதலாளி ஒவ்வொரு குழந்தைக்கும் 20,000 ரூபாய் செலுத்த வேண்டும், குடும்பத்தில் பெரியவர் ஒருவருக்கு வேலை தர முயல வேண்டும் என்றது. வேலையும் கூலியும் பள்ளியுமே தடுப்பின் அடித்தளம் என்பதை நாம் அப்போதே சொன்னோம், இன்றும் சொல்கிறோம்.

ஆகவே நம் முன் உள்ள பணிகள் தெளிவானவை. தேனி-இடுக்கி, கோவை-பாலக்காடு மாவட்டங்களின் தோட்டத் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர், மாதர், வாலிபர் அமைப்புகள் கூட்டுக் குழுக்களை அமைக்க வேண்டும். அறுவடை தொடங்கும் முன்பே எந்தெந்தக் குடும்பம் குழந்தைகளோடு வந்துள்ளது என்ற கணக்கை எடுத்து ஊராட்சியிடம் அளிக்க வேண்டும். மாற்றுச் சான்றிதழ் இல்லை என்று சேர்க்கையை மறுக்கக் கூடாது என்கிறது கல்வி உரிமைச் சட்டத்தின் 5ஆவது பிரிவு. இதை ஒவ்வொரு தலைமையாசிரியரிடமும் வலியுறுத்த வேண்டும். தோட்டத்தின் பரப்பு எதுவாயினும், சிறு தோட்டங்களுக்குப் பொதுவான காப்பகத்தை ஊராட்சி நடத்தவும் அதன் செலவை உடைமையாளர்கள் ஏற்கவும் போராட வேண்டும். அட்டப்பாடியிலும் முதலமடையிலும் பழங்குடி, தலித் குடும்பங்கள் வாங்கும் முன்பணத்துக்கு மாற்றாகக் கூட்டுறவுக் கடனும் முறையான ஊரக வேலையும் கிடைக்கச் செய்ய வேண்டும். 1098 என்ற எண் ஒவ்வொரு லயத்திலும் ஒவ்வொரு ஜீப் நிறுத்தத்திலும் தமிழிலும் மலையாளத்திலும் இந்தியிலும் எழுதப்பட வேண்டும்.

தரகர் எல்லையின் இரு பக்கமும் வேலை செய்கிறார். நமது சங்கங்கள் இன்னும் மாநில எல்லையில் நின்றுவிடுகின்றன. அடுத்த அறுவடைக்குள் இந்த நிலையை மாற்றுவது இரு மாநிலத் தோழர்களின் பொறுப்பு.