வாசகம் கேட்பதற்கே: திருப்பலியில் புத்தகமும் செல்போனும் குறித்து எங்கள் நிலைப்பாடு

திருப்பலியில் இறைவார்த்தை வாசிக்கப்படும்போது கையிலுள்ள புத்தகத்தையோ செல்போனையோ பார்த்துக் கூடவே படித்துவருவது சரியா? பல மாதங்களாக எங்கள் பங்கில் இந்தக் கேள்வி எழுந்துகொண்டிருக்கிறது. அன்பியக் கூட்டங்களில் விவாதம் சூடாகவே நடந்தது. வாசக நேரத்தில் செல்போனை எடுத்த ஓர் இளைஞரைப் பக்கத்தில் இருந்தவர் எல்லோர் முன்னிலையிலும் அதட்டியதும், அந்த இளைஞர் மனம் நொந்து சில வாரம் கோவிலுக்கே வராததும் நடந்தது. இதற்கு மேலும் பொதுவாக எதுவும் சொல்லாமல் இருப்பது முறையல்ல என்று பங்குப் பேரவையும் வழிபாட்டுக் குழுவும் கருதின. இரண்டும் கூடிப் பேசி, பங்குத்தந்தையின் ஒப்புதலோடு எடுத்த முடிவை இங்கே அறிவிக்கிறோம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். வாசகங்கள் கேட்பதற்கானவை. காது கேட்கிற, தமிழ் புரிகிற எல்லோரும் முதல் வாசகம் தொடங்கி நற்செய்தி முடியும்வரை புத்தகத்தையும் செல்போனையும் கீழே வைத்துவிட்டு, வாசகமேடையை நோக்கி இருக்க வேண்டுகிறோம். சரியாகக் கேட்க முடியாதவர்களும் மொழி தெரியாதவர்களும் எதையும் தயக்கமின்றி வைத்துக்கொள்ளலாம். அவர்களை யாரும் ஏன் என்று கேட்கக் கூடாது. வாசகமேடையிலும் பீடத்திலும் செல்போனுக்கும் நகல் தாளுக்கும் இடமில்லை. இவை எல்லாவற்றுக்கும் முன்னால், வாசிப்பது கடைசி வரிசைவரை தெளிவாகக் கேட்கும்படி செய்வது எங்கள் கடமை. அதைச் செய்யாமல் மக்களிடம் புத்தகத்தை மூடச் சொல்ல எங்களுக்கு உரிமையில்லை.

புத்தகத்தோடு வருபவர்கள் பக்தியில் குறைந்தவர்கள் என்று நாங்கள் நினைக்கவில்லை. பெரும்பாலும் அவர்கள்தான் வாரம் தவறாமல் வருகிறவர்கள். அந்தப் பழக்கம் எப்படி வந்தது என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். திருப்பலி இலத்தீனில் நடந்த காலத்தில், நம் ஊர்க் கோவில்களில் குரு பீடத்தை நோக்கி நின்று பூசை செய்ய, உபதேசியார் முன்னின்று செபங்களைச் சொல்ல, மக்கள் செபமாலை சொல்லிக்கொண்டிருப்பார்கள். பீடத்தில் என்ன சொல்லப்படுகிறது என்பது பலருக்கும் எட்டாது. அந்தச் சொற்களை மக்கள் மொழியில் அச்சிடுவதற்கே ஒரு காலத்தில் தடை இருந்தது. 1661இல் திருத்தந்தை ஏழாம் அலெக்சாண்டர் பிரெஞ்சு மொழியில் வந்த திருப்பலி நூலைக் கண்டித்தார். 1897இல் திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ தடைநூல் விதிகளைத் திருத்தியபோதுதான் அந்தத் தடை கைவிடப்பட்டது. அதற்கு முன்பே, 1884இல் ஜெர்மனியில் ஆன்செல்ம் ஷாட் என்ற பெனடிக்ட் சபைத் துறவி, இலத்தீனும் ஜெர்மனும் சேர்ந்த கைத்திருப்பலி நூலை வெளியிட்டிருந்தார். 1920இல் பெல்ஜியத்தில் காஸ்பர் லெஃபெவ்ர் அடிகளார் பிரெஞ்சில் கொண்டுவந்த நூல் பல நாடுகளுக்குப் பரவியது. 1947இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ், மக்களுக்குத் திருப்பலி நூலைப் பழக்கப்படுத்துபவர்களைப் பாராட்டி எழுதினார். ஆகவே கையில் புத்தகத்தோடு திருப்பலி காண்பது சோம்பேறிகளின் வழக்கமாகத் தொடங்கவில்லை. பீடத்தில் நடப்பதில் மனதோடு சேர விரும்பியவர்கள் போராடிப் பெற்ற உரிமை அது. இன்றும் இலத்தீன் திருப்பலிக்குப் போகிறவர் புத்தகம் வைத்திருப்பது நியாயமே.

ஆனால் நம் திருப்பலி தமிழில் நடக்கிறது. 1963 டிசம்பர் 4 அன்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட திருவழிபாட்டு ஏடு, தாய்மொழிக்கு வழி திறந்தது. திருநூல் கோவிலில் வாசிக்கப்படும்போது பேசுபவர் கிறிஸ்துவே என்று அதன் 7ஆம் எண் சொல்கிறது. திருப்பலி நூலின் பொது விதிமுறைகளும் வாசகங்களை எல்லோரும் மரியாதையோடு கேட்க வேண்டும் என்றே கூறுகின்றன. பேசுகிறவர் முன்னால் நிற்கும்போது அவருடைய பேச்சை எழுத்தில் சரிபார்த்துக்கொண்டிருப்பதில் ஏதோ பொருந்தவில்லை என்பதே எங்கள் எண்ணம்.

திருநூலுக்குள்ளேயே இதற்கு ஆதாரம் இருக்கிறது. நெகேமியா நூலின் 8ஆம் அதிகாரத்தில் எஸ்ரா மரமேடையில் நின்று விடியற்காலை முதல் நண்பகல்வரை சட்டநூலை வாசிக்கிறார். தண்ணீர் வாயிலுக்கு எதிரே கூடிய ஆண்களும் பெண்களும் செவிசாய்த்துக் கேட்கிறார்கள், கேட்டு அழுகிறார்கள். பவுலின் திருமுகங்களும் கூடியிருந்த சபையில் உரக்க வாசிக்கப்படுவதற்காகவே எழுதப்பட்டன. கொலோசையருக்கு வந்த மடலை லவோதிக்கேயா சபையிலும் வாசிக்கச் செய்யுமாறு அவரே எழுதுகிறார். நம்பிக்கை கேட்பதால் பிறக்கிறது என்று உரோமையருக்கு எழுதியவரும் அவர்தான். தனியாக ஒரு மூலையில் படிப்பது நல்லதே. ஆனால் ஒரே சொல்லை ஒரே நேரத்தில் ஊரே கேட்பது வேறு வகையான செயல், அதற்காகத்தான் ஞாயிறன்று கூடுகிறோம்.

நடைமுறையில் என்ன நடக்கிறது என்பதை ஞாயிறுதோறும் வாசகமேடையிலிருந்து பார்க்கிறோம். வாசகர் தலை நிமிர்ந்து பார்த்தால் எதிரே உச்சந்தலைகள்தான் தெரிகின்றன. வாசகம் அடுத்த பக்கத்துக்குப் போகும் இடத்தில் கோவில் முழுவதும் தாள் புரளும் சத்தம் எழுந்து ஒரு வரியை விழுங்கிவிடுகிறது. பதிலுரைப் பாடலின் பல்லவி ஒரே ஒரு வரி. பாடகர் இப்போதுதான் அதைப் பாடிக் காட்டினார். அதைத் திருப்பிச் சொல்லக்கூடத் தலையைக் குனிந்து புத்தகத்தில் தேடுகிறோம். நற்செய்திக்கு எழுந்து நின்று நெற்றியிலும் உதட்டிலும் மார்பிலும் பெருவிரலால் சிலுவை வரைய வேண்டிய கணத்தில், வலது கையில் செல்போன் இருக்கிறது. சிலர் அதை அவசரமாக இடக்கைக்கு மாற்றுகிறார்கள், சிலர் சிலுவையையே விட்டுவிடுகிறார்கள். நற்செய்தி மனதிலும் வாயிலும் இதயத்திலும் இருக்கட்டும் என்று கேட்கிற அடையாளம் அது. அது விடுபடுவது எங்களுக்கு வருத்தமாக இருக்கிறது.

கூடவே படிப்பவரின் மனம் மெல்ல மெல்லப் பிழைதிருத்துபவரின் மனமாகிவிடுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். வாசகர் ஒரு சொல்லைத் தவறவிட்டால், ஊர்ப் பெயரை மாற்றி உச்சரித்தால், கவனம் அங்கேயே நின்றுவிடுகிறது. செயலிகளில் இன்னொரு சிக்கலும் உண்டு. சிலவற்றில் இருப்பது 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பு அல்ல, வேறு பழைய மொழிபெயர்ப்பு. வெளிநாட்டு நாட்காட்டியை வைத்துத் தயாரித்தவையும் உண்டு. ஜூலை 3 புனித தோமா நாள் இந்தியாவில் பெருவிழா, பொது நாட்காட்டியிலோ அது விழா மட்டுமே. அன்று செயலியில் ஒரு வாசகம் குறைந்திருப்பதைப் பார்த்து, மேடையில் தவறாக வாசிக்கிறார்கள் என்று நினைத்தவர்களும் உண்டு.

புத்தகத்தையும் செல்போனையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. புத்தகத்தில் திருப்பலி மட்டுமே இருக்கிறது. செல்போனில், எசாயா வாசிக்கப்படும்போதே மேலிருந்து குடும்பக் குழுவின் காலை வணக்கம் இறங்கி வருகிறது, கை தானாக அதைத் தள்ளுகிறது. அருகில் இருக்கும் சிறுவனுக்கு அப்பா வாசகம் பார்க்கிறாரா வேறு எதையாவது பார்க்கிறாரா என்று தெரியாது. பெற்றோர் இதை எண்ணிப் பார்க்க வேண்டுகிறோம். குரு இதயங்களை மேலே எழுப்பச் சொல்கிறாரே தவிர செல்போன்களை அல்ல என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2017 நவம்பரில் மறைக்கல்வி உரை ஒன்றில் வருத்தத்தோடு குறிப்பிட்டது படம் எடுப்பவர்களைப் பற்றித்தான். ஆனாலும் அது நம் எல்லோருக்கும் பொருந்தும்.

நற்கருணை மன்றாட்டின்போதும் இதே வேண்டுகோள்தான். குரு சொல்லும் சொற்களைப் புத்தகத்தைப் பார்த்துக் கூடவே முணுமுணுக்கும் வழக்கம் சிலரிடம் இருக்கிறது. அந்த மன்றாட்டைச் சொல்வது குருவின் பணி. மௌனமாகக் கேட்டு, நமக்குரிய பதில்களை உரத்த குரலில் சொல்வது நம் பணி. எழுந்தேற்றத்தின்போது கண்கள் பீடத்தில் இருக்கட்டும். பாடல் புத்தகம் வேறு விஷயம். அதைத் தாராளமாக எடுங்கள், இன்னும் பலமாகப் பாடுங்கள். கோவில் திரையில் பாடல் வரிகளும் புதிய பதிலுரைகளும் மட்டுமே வரும். வாசகங்களின்போதும் நற்கருணை மன்றாட்டின்போதும் திரை அணைந்திருக்கும்.

வாசகமேடை பற்றி எங்களுக்கு எந்தத் தயக்கமும் இல்லை. வாசக நூலின் 1981ஆம் ஆண்டு முன்னுரை, மக்கள் முன்தயாரிப்புக்காக அச்சிடப்படும் தாள்கள் வாசக நூலுக்கு மாற்றாகக் கூடாது என்கிறது. இறைவார்த்தை ஞாயிறு குறித்து 2020 டிசம்பரில் உரோமையிலிருந்து வந்த குறிப்பும் அதையே சொல்கிறது. அவசரத்துக்கு என்றாலும் செல்போனிலிருந்து வாசகம் வாசிக்கப்படாது. பதிலுரைப் பாடல் பாடுபவரும் இதற்கு உட்பட்டவரே. அந்த முன்னுரையிலிருந்து இன்னொன்றும் விளங்குகிறது: அச்சிட்ட தாளின் இடம் தயாரிப்பு. ஆகவே வாசகங்களை வீட்டில் படித்துவிட்டு வாருங்கள் என்று நாங்கள் வற்புறுத்துகிறோம். சனிக்கிழமை இரவு குடும்பச் செபத்தில் ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்டாலே, மறுநாள் கோவிலில் அந்தப் பகுதி அறிந்த குரலாகக் காதில் விழும்.

யாருக்கு விலக்கு என்பதில் நாங்கள் கஞ்சத்தனம் காட்டப் போவதில்லை. செவித்திறன் குறைந்த முதியவர்களுக்கு எழுத்துதான் காது. மனதை ஒருநிலையில் வைக்க எழுத்து தேவைப்படுகிறவர்கள் இருக்கிறார்கள், அதை அவர்கள் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஜார்க்கண்டிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வேலைக்கு வந்து நம்மோடு திருப்பலி காணும் சகோதர சகோதரிகளுக்குத் தமிழ் வாசகம் புரியாது. அவர்கள் இந்தியில் செல்போனில் படிப்பது இறைவார்த்தையைக் கேட்பதேதான். வேளாங்கண்ணியில் பல மொழிகளில் திருப்பலி நடப்பதன் நியாயம் நம் கோவிலில் ஒரு செல்போன் திரைக்கும் பொருந்தும். சத்தத்தை நிறுத்தி, இணையத்தைத் துண்டித்து, வாசகத்தை முன்பே தரவிறக்கி வைத்தால் போதும். பார்த்தவுடன் யாருக்கு எது தேவை என்று நம்மால் சொல்ல முடியாது. ஆகவே யாரும் யாரையும் கண்டிக்கக் கூடாது. தன்னார்வலர்களுக்கும் இதைக் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறோம்.

இனி எங்கள் பங்கு. மக்கள் புத்தகத்தை நாடுவதற்கு முதல் காரணம் கேட்காததுதான். ஒலிபெருக்கி எதிரொலிக்கிறது, மின்விசிறிச் சத்தத்தில் குரல் அமுங்குகிறது, வாசகர் பஸ்ஸுக்கு நேரமான மாதிரி ஓடுகிறார். ஒலி அமைப்பைச் சீர்செய்ய இந்த ஆண்டு நிதியில் முதலிடம் தருகிறோம். பட்டியலில் பெயர் இருப்பதாலோ வேட்டி, புடவையில் வந்திருப்பதாலோ யாரும் கடைசி நிமிடத்தில் மேடையேற்றப்பட மாட்டார்கள். வாசகர்களுக்கு மாதம் ஒருமுறை பயிற்சி நடக்கும். ஞாயிறு வாசகம் திங்கட்கிழமையே அவர்கள் கையில் இருக்கும், வாய்விட்டுப் படித்துப் பழகி வர வேண்டும். ஒவ்வொரு வாசகத்துக்குப் பிறகும் சிறிது மௌனம் காப்போம். வாரத்தின் வாசகங்கள் அன்பிய வாட்ஸப் குழுக்களில் புதன்கிழமை அனுப்பப்படும், செல்போன் இல்லாதவர்களுக்கு அச்சுத் தாள் கோவில் வாசலில் கிடைக்கும்.

திருவருகைக் கால முதல் ஞாயிறு முதல் இது நடைமுறைக்கு வருகிறது. அன்று நீங்கள் உட்காரும் இடத்தில் வாசகம் தெளிவாகக் கேட்கவில்லை என்றால், திருப்பலி முடிந்ததும் வழிபாட்டுக் குழுவினர் யாரிடமாவது எந்த வரிசை, எந்தப் பக்கம் என்று சொல்லிவிட்டுப் போங்கள்.