கடன் தீர்ந்த பிறகு பத்திரம் அங்கே எதற்கு?



ஒரு கேள்வி. அஞ்சு பவுன் சங்கிலியை அடகு வைத்து மல்லாட்டைக்கு உரம் வாங்குகிறோம். அறுவடை முடிந்து வட்டியும் முதலுமாகக் கட்டுகிறோம். கட்டிய அன்றைக்கு, "நகை இங்கேயே இருக்கட்டும் சார், பத்திரமா இருக்கும்" என்று சொல்லிவிட்டு நம்மில் யாராவது வெறுங்கையோடு வீட்டுக்கு வந்திருக்கிறோமா? வரமாட்டோம். வந்தால் வீட்டுக்காரம்மா உள்ளே விடமாட்டாள்.

அந்தச் சங்கிலியை விட நூறு மடங்கு மதிப்புள்ள வீட்டுப் பத்திரத்தையும் கொல்லைப் பத்திரத்தையும் மட்டும் எதற்காக விட்டுவிட்டு வருகிறோம்? கடன் முடிந்து அஞ்சு வருஷம், பத்து வருஷம் ஆகியும் பத்திரம் வங்கியிலோ, சொசைட்டியிலோ, மண்டிக்காரர் பீரோவிலோ தூங்குகிற குடும்பங்கள் நம்ம பண்ருட்டி வட்டாரத்தில் ஊருக்கு ஊர் இருக்கின்றன. இதைச் சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள். பத்திரம் யார் கையில் இருக்கிறதோ அவர் சொல்படிதான் நாளைக்கு நாம் நடக்க வேண்டி வரும்.

ஏன் விட்டு வைக்கிறோம்?

காரணம் கேட்டால் மூன்று சொல்வார்கள். மூன்றையும் பார்ப்போம்.

முதலாவது: "வீட்டுல வச்சா புயலும் வெள்ளமும் விடுமா?" இது நியாயமான பயம்தான். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்தபோது முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன, கூரை பறந்தது. 2015 நவம்பரில் பெரியகாட்டுப்பாளையம், விசூர் கிராமங்களுக்குள் வெள்ளம் புகுந்து உயிர்களையே கொண்டு போனது. 2024 டிசம்பர் தொடக்கத்தில் பெஞ்சல் புயல் மழையில் சாத்தனூர் அணை நீர் திறக்கப்பட்டு தென்பெண்ணை கரை புரண்டது. இத்தனையும் பார்த்தவன் பத்திரத்தை ஓலை வீட்டில் வைக்கப் பயப்படுவான். அவனைக் குறை சொல்ல முடியாது.

ஆனால் வங்கியில் வைத்தால் தொலையாது என்று யார் சொன்னது? பல வங்கிகள் நம்ம பத்திரத்தை நம்ம ஊர்க் கிளையில் வைப்பதே இல்லை. பல நூறு மைல் தள்ளி ஒரு பெரிய கிடங்குக்கு அனுப்பிவிடுகிறார்கள். பெங்களூரில் ஐ.சி.ஐ.சி.ஐ. வங்கியில் வீட்டுக் கடன் வாங்கிய ஒருவரின் மூலப் பத்திரங்கள், ஐதராபாத் கிடங்குக்குக் கூரியரில் போகும்போது வழியிலேயே தொலைந்தன. அவர் தேசிய நுகர்வோர் ஆணையம் வரை போய் வழக்காடினார். 2023-இல் 25 லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொல்லி உத்தரவானது. அவர் டெல்லி வரை போனார். ரெண்டு ஏக்கர் முந்திரிக்காரன் போக முடியுமா?

வங்கியும் நேற்று இருந்தபடி இன்று இல்லை. நம்ம கிராமங்களுக்குக் கடன் கொடுத்த பல்லவன் கிராம வங்கி, 2019 ஏப்ரல் 1 முதல் பாண்டியன் கிராம வங்கியோடு சேர்ந்து தமிழ்நாடு கிராம வங்கி ஆனது. அலகாபாத் வங்கி 2020 ஏப்ரலில் இந்தியன் வங்கியோடு சேர்ந்தது. லட்சுமி விலாஸ் வங்கி அதே வருஷம் நவம்பரில் டி.பி.எஸ். வங்கிக்குள் போனது. பெயர்ப் பலகை மாறும், கிளை மாறும், மேனேஜர் மூணு வருஷத்துக்கு ஒருமுறை மாறுவார். "அப்ப இருந்த சாருக்குத் தெரியும்" என்று நாம் சொன்னால் புதுசா வந்தவர் என்ன செய்வார்?

இரண்டாவது: "அடுத்த வருஷம் மறுபடி கடன் வாங்கத்தானே போறோம், எதுக்கு வாங்கி எதுக்குக் குடுக்கணும்?" இங்கேதான் ஆபத்து இருக்கிறது. அரசு அறிவித்த ஊர்களில், கடனுக்கு ஈடு என்ற எண்ணத்தோடு பத்திரத்தைக் கையில் கொடுத்தாலே அது அடமானம் ஆகிவிடும் என்கிறது 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம். அதோடு 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 171-ஆவது பிரிவு, தன் கையில் ஈடாக இருப்பதை மொத்த பாக்கிக்காக நிறுத்தி வைக்கும் உரிமையை வங்கிக்குக் கொடுக்கிறது. பக்கத்து வீட்டுக்காரருக்கு டிராக்டர் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டிருப்போம். அவர் கட்டவில்லை என்றால், நம்ம பத்திரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு "அதை முடிச்சுட்டு வாங்க" என்பார்கள். இந்த உரிமை பத்திரத்துக்கு எவ்வளவு தூரம் செல்லும் என்பது கோர்ட்டில் வாதாட வேண்டிய விஷயம். பத்திரம் நம்ம பெட்டியில் இருந்தால் வாதாடவே வேண்டாம்.

மூன்றாவது: "தள்ளுபடி ஆன கடன்தானே, போய்க் கேட்டா சங்கடம்." என்ன சங்கடம்? 2008-இல் மத்திய அரசு சிறு, குறு விவசாயிகளின் கடனைத் தள்ளுபடி செய்தது. 2016-லும் 2021-லும் தமிழக அரசு கூட்டுறவுப் பயிர்க்கடனைத் தள்ளுபடி செய்தது. 2021-இல் மட்டும் சுமார் 16 லட்சம் விவசாயிகளின் 12,110 கோடி ரூபாய். தள்ளுபடி என்றால் கடன் தீர்ந்தது என்றுதான் அர்த்தம். தீர்ந்த கடனுக்கு ஈடு எதற்கு? ஆனால் காகிதம் கைக்கு வருவதில்லை. 2008 தள்ளுபடியைச் சோதித்த மத்திய தணிக்கைத் துறை 2013-இல் என்ன சொன்னது தெரியுமா? பார்த்த கணக்குகளில் 21,182 கணக்குகளில், அதாவது நூற்றுக்கு 34-இல், தள்ளுபடிச் சான்று விவசாயிக்குக் கொடுத்ததற்கு அத்தாட்சியே இல்லை. சான்றுக்கே இந்தக் கதி என்றால் பத்திரத்துக்கு என்ன கதி?

சட்டம் யார் பக்கம்?

சட்டம் நம்ம பக்கம்தான். சொத்து மாற்றுச் சட்டத்தின் 60-ஆவது பிரிவு தெளிவாகச் சொல்கிறது: அடமானப் பணத்தைக் கட்டியதும், அந்தச் சொத்து சம்பந்தமாகத் தன் கையில் உள்ள எல்லா ஆவணங்களையும் கடன் கொடுத்தவர் திருப்பித் தர வேண்டும். வங்கியானாலும், சொசைட்டியானாலும், வட்டிக்கடைக்காரரானாலும், மண்டிக்காரரானாலும் இது பொது. ரிசர்வ் வங்கியும் 2003 மே மாதத்திலேயே, கடன் முழுதும் கட்டியவுடன் ஈடுகளை விடுவிக்க வேண்டும், வேறு பாக்கிக்காக நிறுத்துவதாக இருந்தால் முழு விவரத்தோடு நோட்டீஸ் தர வேண்டும் என்று வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது.

இருந்தும் இழுத்தடித்ததால்தான் 2023 செப்டம்பர் 13 அன்று ரிசர்வ் வங்கி கடுமையான உத்தரவு போட்டது. கடன் முடிந்த 30 நாளுக்குள் மூலப் பத்திரம் எல்லாம் திரும்பத் தர வேண்டும். பதிவில் ஏற்றிய அடமானத்தையும் நீக்க வேண்டும். வங்கியின் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் கடன்காரருக்குத் தர வேண்டும். பத்திரம் தொலைந்தால் சான்றிட்ட நகல் வாங்க உதவி செய்து செலவையும் வங்கியே ஏற்க வேண்டும். அதற்குக் கூடுதலாக 30 நாள். கடன் வாங்கியவர் இறந்துவிட்டால் வாரிசுகளுக்கு எப்படித் திருப்பித் தருவது என்ற நடைமுறையையும் முன்கூட்டியே வைத்திருக்க வேண்டும். 2023 டிசம்பர் 1 முதல் இது நடைமுறைக்கு வந்தது.

கேட்க நன்றாக இருக்கிறது அல்லவா? இப்போது உத்தரவின் தலைப்பைப் படியுங்கள். "தனிநபர் கடன்" என்று போட்டிருக்கிறது. வீடு கட்ட வாங்கிய கடன், படிப்புக் கடன், பொருள் வாங்கும் கடன் போன்றவைதான் அந்தக் கணக்கில் வரும். பயிர்க்கடன் இல்லை. கிணறு வெட்ட, போர் போட, டிராக்டர் வாங்க நிலத்தை ஈடு வைத்த கடன் இல்லை. கிராமத்துத் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கம் அந்த உத்தரவுக்குள்ளேயே இல்லை.

டவுனில் அடுக்குமாடி வாங்கியவர் பத்திரம் ஒரு நாள் தாமதமானால் 5,000 ரூபாய். முந்திரிக் கொல்லையை ஈடு வைத்தவன் பத்திரம் பத்து வருஷம் தாமதமானாலும் ஒரு பைசா இல்லை. இது என்ன நியாயம்? ரெண்டு பத்திரமும் ஒரே பதிவு அலுவலகத்தில் பதிவானதுதானே?

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். 2025 ஜனவரி 1 முதல், ஒரு விவசாயிக்கு 2 லட்சம் ரூபாய் வரை விவசாயக் கடனுக்கு வங்கிகள் சொத்து ஈடு கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. அதற்கு முன் 2019 முதல் 1 லட்சத்து 60 ஆயிரம். அந்த அளவுக்குள் கடன் கேட்கும்போது "பத்திரம் கொண்டு வா" என்றால், "எந்த உத்தரவுப்படி சார்?" என்று கேளுங்கள்.

நாம் செய்ய வேண்டியது

கடைசித் தவணை கட்டும் அன்றே மனு எழுதிக் கொடுங்கள். என்னென்ன ஆவணம் கொடுத்தோம் என்று ஒவ்வொன்றாகப் பட்டியல் போட்டு, தேதி முத்திரையோடு நகல் வாங்கிக்கொள்ளுங்கள். பத்திரம் கைக்கு வந்ததும் பக்கம் பக்கமாகப் புரட்டிப் பாருங்கள். தாய்ப் பத்திரமும் சேர்ந்து வந்ததா என்று பாருங்கள். நிலுவை இல்லை என்ற சான்றும் வாங்குங்கள். பதிவு செய்த அடமானம் என்றால், தீர்ந்ததற்கான ரசீது ஆவணத்தையும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்யுங்கள். இல்லையென்றால் வில்லங்கச் சான்றில் பழைய கடன் அப்படியே நிற்கும். மகள் கல்யாணத்துக்கு அரைக் காணி விற்கப் போகிற அன்றைக்குத்தான் அது தெரியவரும்.

வெள்ள பயத்துக்கும் வழி இருக்கிறது. பத்திரத்தின் சான்றிட்ட நகலை பதிவு அலுவலகத்தில் வாங்கி, உறவினர் வீட்டில் ஒன்று வையுங்கள். மூலப் பத்திரத்தைத் தண்ணீர் புகாத பையில் போட்டு டிரங்குப் பெட்டியில் உயரத்தில் வையுங்கள். வங்கியில்தான் வைக்க வேண்டும் என்றால், அண்ணன் தம்பி சேர்ந்து லாக்கர் எடுங்கள். லாக்கரின் சாவி நம்ம கையில் இருக்கும். கடன் கோப்பின் சாவி அவர்கள் கையில் இருக்கும். வித்தியாசம் அவ்வளவுதான்.

வங்கி 30 நாளில் பதில் தரவில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு எழுதலாம், கட்டணம் கிடையாது. சொசைட்டி என்றால் கூட்டுறவு இணைப்பதிவாளருக்கும், கலெக்டர் அலுவலக விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்திலும் மனு கொடுங்கள். எழுதத் தெரியாதவர்கள் சங்கத்துக்கு வாருங்கள், எழுதித் தருகிறோம்.

நம் கோரிக்கைகள்

1. 30 நாள் கெடுவும், நாளுக்கு 5,000 ரூபாய் இழப்பீடும் எல்லா விவசாயக் கடனுக்கும் பொருந்த வேண்டும்.

2. கூட்டுறவுச் சங்கங்களுக்கும் இதே விதியைத் தமிழக அரசு கொண்டுவர வேண்டும்.

3. தள்ளுபடியான கடன்களின் பத்திரங்களை, மனு கேட்காமலே விவசாயியைக் கூப்பிட்டுத் தர வேண்டும்.

4. பத்திரம் வாங்கும்போதே, எந்த ஊரில் வைக்கிறார்கள் என்று எழுதிய ரசீதைத் தமிழில் தர வேண்டும்.

5. 2 லட்சம் வரை ஈடு தேவையில்லை என்பதைக் கிளைதோறும் பலகையில் எழுதி வைக்க வேண்டும்.

விவசாயிகளே! கடன் வாங்கினோம், வட்டியோடு கட்டினோம். யாரிடமும் கடமைப்பட்டு நிற்கவில்லை. இந்த வாரமே ஒவ்வொருவரும் வீட்டில் பெட்டியைத் திறந்து பாருங்கள். பத்திரம் இல்லையென்றால் எங்கே இருக்கிறது என்று கணக்குப் பாருங்கள். ஒருத்தராகப் போனால் "நாளைக்கு வா" என்பார்கள். ஊராகச் சேர்ந்து போவோம்.

கட்டிய கடனுக்குப் பத்திரத்தைக் கொடு!
உழவன் பத்திரம் உழவன் வீட்டில்!