கொட்டிலில் நிற்கும் பரி

குதிரை வாங்கி வரும்படி வாதவூரரிடம் பாண்டியன் பொன் கொடுத்தனுப்பிய கதை எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் போகுமுன்பே தெரியும். பொன் திருப்பெருந்துறைக் கோயில் பணியில் செலவாயிற்று. நரிகள் பரிகளாகி மதுரைக்கு வந்தன. கொட்டிலில் கட்டிய இரவே மீண்டும் நரிகளாகி ஊளையிட்டன. திருவாதவூர்க்காரர்கள் இந்தத் திருவிளையாடலைப் பக்தியோடு கேட்பார்கள். பழைய புல்லட் வைத்திருப்பவர்கள் சற்றுச் சொந்த அனுபவத்தோடும் கேட்பார்கள். சித்திரைத் திருவிழாவுக்கு ஓட்டிப்போய் நல்ல குதிரையாகத் திண்ணையோரம் நிறுத்திய வண்டி, தீபாவளிக்கு உதைத்துப் பார்த்தால் ஊளைகூட இடுவதில்லை.

எங்கள் வீட்டில் நிற்பதும் அப்படியொரு பரிதான். 1955இல் தொடங்கப்பட்ட என்ஃபீல்டு இந்தியாவின் திருவொற்றியூர்த் தொழிற்சாலையில், 1980களில் செய்த 350 புல்லட். அப்பாவுடையது. ஆண்டுக்கு நான்கைந்து முறைக்கு மேல் வெளியே வராது. சென்ற ஆண்டு அது கிளம்ப மறுத்தபோது, ஒரு பணிமனையில் கார்புரேட்டரையே மாற்றச் சொன்னார்கள், மாற்றினேன். மூன்று மாதங்கழித்து அதே நோய். பிறகு மேலூரில் ஒரு முதிய மெக்கானிக்கிடம் தள்ளிக்கொண்டு போனேன். அவர் எதையும் மாற்றவில்லை. கார்புரேட்டரின் அடிக் கிண்ணத்தைக் கழற்றி, அதிலிருந்ததை ஒரு கண்ணாடிப் புட்டியில் ஊற்றி வெயிலில் காட்டினார். மேலே பெட்ரோல், அடியில் கலங்கலாக இன்னொரு படலம். "வண்டி கெடல சார். நின்ன பெட்ரோல்தான் கெட்டுப்போச்சு" என்றார்.

வண்டியை நிறுத்திவைப்பதை ஓய்வு என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். உள்ளே நடப்பது வேறு. பெட்ரோல் ஒற்றைப் பொருளன்று, பல நீர்மங்களின் கலவை. அவற்றுள் எளிதில் ஆவியாகக் கூடியவையே குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பப் பயன்படுபவை. முதலில் பறந்துபோகிறவையும் அவையே. கிண்ணத்தில் இருப்பது சிறிதளவுதான் என்பதால் சில வாரங்களில் அது வற்றி, பிசின் போன்ற கசடு எஞ்சுகிறது. அது போய் அடைப்பது பைலட் ஜெட்டை. அதன் துளை அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. சோக் போட்டால் கிளம்பி, எடுத்தவுடன் அணைந்துபோகும் வண்டியில் முதலில் ஐயப்பட வேண்டியது இந்தத் துளையைத்தான்.

மருந்து அதிகாரத்தில் வள்ளுவர், நோயையும் அதன் காரணத்தையும் அறிந்த பின்பே தணிக்கும் வழியைத் தேடச் சொல்கிறார். மேலூர்ப் பெரியவரின் முறையும் அதே வரிசைதான். முதலில் பெட்ரோல்: மோந்து பார், பழைய வார்னிஷ் வாடை அடித்தால் வடித்துவிடு. அடுத்தது பிளக்: நாலைந்து முறை உதைத்தபின் கழற்றிப் பார். காய்ந்திருந்தால் பெட்ரோல் வந்து சேரவில்லை. நனைந்திருந்தால் பெட்ரோல் வந்திருக்கிறது, பொறியைத் தேடு. பழைய வண்டிகளில் பாயின்ட் முனைகள் சும்மா நின்றே பூத்துப்போகும். மெல்லிய உப்புத்தாளால் தேய்த்தால் போதும். மூன்றாவது காற்று: ரப்பர் இணைப்பில் வெடிப்பு, சைலன்ஸருக்குள் குளவிக்கூடு, டாங்க் மூடியின் காற்றுத்துளையில் அடைப்பு. சிறிது தூரம் ஓடி நின்று, மூடியைத் திறந்து மூடினால் மறுபடி ஓடும் வண்டிக்குக் கடைசியாகச் சொன்னதே காரணமாக இருக்கும். ஜெட்டை இரும்புக் கம்பியால் குத்தக்கூடாது; துளை பெரிதாகிவிட்டால் கலவையின் அளவே மாறிவிடும். ஆண்டுக்கணக்கில் நின்ற வண்டியை எடுத்தவுடன் உதைக்கவும் கூடாது. பிளக்கைக் கழற்றிச் சில சொட்டு எண்ணெய் விட்டு, கிக்கரைக் கையால் மெல்ல அழுத்திச் சுழலவிட வேண்டும். இத்தனையும் பார்த்த பிறகே புதிய கார்புரேட்டரைப் பற்றிப் பேசலாம்.

வாரம் ஒருமுறை இரண்டு நிமிடம் கிளப்பி அணைத்தால் வண்டி நன்றாயிருக்கும் என்று பலர் நம்புகிறோம். எரிபொருள் எரியும்போது நீராவியும் உண்டாகிறது. எஞ்சின் நன்றாகச் சூடேறாமல் அணைத்துவிட்டால் அந்த ஈரம் எண்ணெயிலும் சைலன்ஸரிலும் தங்கிவிடும். கால் மணி நேரத்துக்குக் குறையாமல் சாலையில் ஓட்டுங்கள். இயலாவிட்டால் கிளப்பாமல் இருப்பதே மேல்.

இனி என் வழக்குக்கு வருகிறேன். நிற்கும் பெட்ரோல் என்றைக்கும் கெடத்தான் செய்தது. ஆனால் அந்தப் புட்டியின் அடியில் நான் கண்ட படலம் அப்பா காலத்தில் இருந்திருக்காது. 2022இல் பத்து விழுக்காடாக இருந்த எத்தனால் கலப்பு 2025இல் இருபதைத் தொட்டது. எத்தனால் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். அளவு மீறினால் நீரும் எத்தனாலும் சேர்ந்து பிரிந்து அடியில் தங்கும். டாங்க்கிலிருந்து குழாய் எடுப்பதும் அடியிலிருந்துதான். ஐப்பசி, கார்த்திகை மழையில் பாதி டாங்க்கோடு நிற்கும் வண்டிக்கு இது போதும். அதற்கென்று செய்யப்படாத பழைய ரப்பர்க் குழாய்களையும் அது அரிக்கிறது. எத்தனாலில் ஆக்ஸிஜன் உண்டென்பதால் கலவையில் எரிபொருள் குறைந்துபோகிறது. உணர்கருவி கொண்ட இன்றைய ஊசிமுறை எஞ்சின் அதை அறிந்து சரிசெய்துகொள்ளும். கார்புரேட்டருக்கு அந்த அறிவு இல்லை. ஜெட் திறந்த அளவே அதன் அளவு.

எத்தனால் கூடாதென்று நான் சொல்லவில்லை. கரும்பு விவசாயிக்கு வருவாய், கச்சா எண்ணெய் இறக்குமதியில் மிச்சம் என்பவை சிறிய நன்மைகள் அல்ல. நாள்தோறும் ஓடும் டி.வி.எஸ். வண்டியில் பெட்ரோல் நிற்பதே இல்லை. அதற்கு இந்தப் பிரிந்துபோகும் தொல்லையும் அரிது. என் குறை ஒன்றே. கலப்புக்கு வழிவகுத்த 2021ஆம் ஆண்டின் வல்லுநர் குழு அறிக்கையே, பழைய வண்டிகளுக்காகப் பத்து விழுக்காட்டுப் பெட்ரோலும் கிடைக்க வேண்டும் என்று சொல்லியிருந்தது. பெரும்பாலான பங்க்குகளில் அது இல்லை. எத்தனாலற்ற பெட்ரோலும் வேண்டும் என்ற பொதுநல மனுவை 2025 செப்டம்பரில் உச்சநீதிமன்றம் தள்ளுபடி செய்தது. நீதிமன்றம் கட்டளையிடாவிட்டாலும் அரசு தன் அறிக்கையையே பின்பற்றலாம் அல்லவா? ஒவ்வொரு ஊரிலும் கேட்கவில்லை. தாலுகாவுக்கு ஒரு பங்க்கில் ஒரு குழாய் போதும்.

பழைய வண்டியை விற்றுத் தொலைக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. பெரும் பணக்காரர்களின் சேகரிப்பைப் பற்றி நான் பேசவில்லை. திருமணத்துக்கு வாங்கியது, வயலுக்குப் போனது, இறந்தவர் கை வைத்தது என்று கிராமத்து வீடுகளில் நிற்பவை இவை. 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 விதி வந்தபின் புதிய இருசக்கர வண்டிகளில் கார்புரேட்டர் அநேகமாக மறைந்துவிட்டது. ஒலியைக் கேட்டே ஜெட்டைச் சொல்லும் மெக்கானிக்குகளுக்கு இப்போது எழுபதை ஒட்டிய வயது. இந்த வண்டிகள் கிடைக்காவிட்டால் அவர்கள் எதை வைத்துச் சொல்லித்தருவார்கள்?

அரசு செய்யும்வரை நாம் செய்யக்கூடியது எளிது. வீட்டுக்கு ஒரு கிலோமீட்டர் இருக்கும்போதே நான் இப்போது பெட்ரோல் டேப்பை மூடிவிடுகிறேன். கிண்ணம் வற்றி, வாசலையொட்டி எஞ்சின் தானே அணைகிறது. மாதக்கணக்கில் நிற்கப்போகிறதென்றால் டாங்க்கையும் வடித்துவிடுகிறேன். இந்தத் தீபாவளிக்கு மூன்றாவது உதையில் கிளம்பியது.