பசுமைக்குடில் தக்காளி: கட்டுமுன் கணக்கிடுங்கள்



வளைகுடா நாடுகளில் பல்லாண்டு உழைத்துச் சேர்த்த பணத்துடன் ஊர் திரும்பும் சகோதரர் சிலர், கோவை வட்டாரத்தில் சிறிது நிலம் வாங்கி, பசுமைக்குடில் அமைத்துத் தக்காளி பயிரிட விரும்புகின்றனர். விருப்பம் நல்லதே. ஆயினும் குடும்பத்தின் சேமிப்பு முழுவதையும் அதில் இறக்குமுன் சிலவற்றை எண்ணிப் பார்த்தல் அவசியம்.

முதலில் குடிலின் நன்மைகளைக் காண்போம். அதன் பூச்சித் தடுப்பு வலை வெள்ளை ஈயை உள்ளே விடாது. ஆகவே அந்த ஈ பரப்பும் இலைச்சுருள் நோய் குறைகிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் காய்கள் அழுகுவதில்லை. உயர்ந்து வளரும் ரகங்களைக் கயிற்றில் ஏற்றிக் கட்டி, பல மாதங்கள் காய் பறிக்கலாம்.

தொல்லைகளும் உண்டு. பங்குனி, சித்திரையில் காற்றோட்டம் போதாத குடில் அடுப்பாகிவிடும்; பூக்கள் பிஞ்சு பிடியாமல் உதிரும். வலைக்குள் காற்று குறைவாதலால், மகரந்தம் உதிர்வதற்காகச் செடி கட்டிய கயிற்றை நாள்தோறும் தட்டிவிட வேண்டும். அதே மண்ணில் மீண்டும் மீண்டும் தக்காளியே நட்டால் நூற்புழு பெருகும்.

இனிக் கணக்குக்கு வருவோம். 25 சென்ட், அதாவது ஏறத்தாழ 1,000 சதுர மீட்டர் குடிலுக்கு, 2014ஆம் ஆண்டின் மத்திய அரசுத் தோட்டக்கலைத் திட்டம் சதுர மீட்டருக்கு 935 ரூபாய் என மதிப்பிட்டது. அவ்வகையில் 9,35,000 ரூபாய். இன்று இன்னும் கூடும். செலவு மதிப்பில் பாதி மானியம் உண்டு எனினும், அது பணி முடிந்த பின்னரே கைக்கு வரும். முதற்பணம் நம்முடையதே.

அவ்விடத்தில் 2,500 செடிகள் நட்டு, செடிக்கு 4 கிலோ கிடைத்தால் 10 டன் தேறும். கிலோ 40 ரூபாய் என்றால் நான்கு இலட்சம். 10 ரூபாய் என்றால் ஓர் இலட்சமே. உழைப்பு ஒன்று, வரவோ நான்கில் ஒரு பங்கு!

அந்த விலையைக் குடில் தீர்மானிப்பதில்லை. உடுமலை, கிணத்துக்கடவு, ஒட்டன்சத்திரம் சந்தைகளில் குவியும் திறந்தவெளித் தக்காளியே தீர்மானிக்கிறது. அது மலிந்தால் குடில் தக்காளிக்கும் அதே கதிதான். 2023 ஜூலையில் கிலோ 100 ரூபாயைத் தாண்டியது; அரசு நியாயவிலைக் கடைகளில் 60 ரூபாய்க்கு விற்க நேர்ந்தது. அத்தகைய மாதங்களை மட்டும் நம்பி எவரும் குடில் கட்டலாகாது.

ஆகவே, நாற்று விடுமுன் வாங்குவோரைத் தேடுங்கள். உணவு விடுதிகள், காய்கறிக் கடைகள், உழவர் சந்தை ஆகியவற்றுள் எங்கு, எவ்வளவு, என்ன விலைக்கு என்று பேசி முடியுங்கள். பெட்டியின் மேலும் கீழும் ஒரே தரமாய் வையுங்கள். நாணயமே நிலையான வாடிக்கையைத் தரும். வெளியில் வரத்து குறையும் மாதங்களில் காய்ப்பு வருமாறு நடவு செய்யுங்கள். பயிரையும் மாற்றி மாற்றி நடுங்கள்.

கோவையிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்திலும், உங்கள் வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்திலும் ஆலோசனை கேளுங்கள். சிறிய குடிலில் ஓர் ஆண்டு பழகுங்கள். வீட்டுப் பெண்களையும் கணக்கில் அமர்த்துங்கள். சேமிப்பு அவர்களுடையதும் அல்லவா? இலாபம் கண்ட பின் விரிவாக்கலாம். அவசரப்பட்டுக் கட்டிய இரும்புக் குழாய்களை விற்றால் பாதி விலையும் கிட்டாது.