மலை ஏறாத புத்தகம்

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குப் போகிற பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. இந்த 20 வளைவுகளையும் தாண்டி இன்றைக்கு மலைமேல் ஏறாத சாமான் ஒன்றுமே கிடையாது. சோப்பு ஏறுகிறது, சிகரெட்டு ஏறுகிறது, பிராந்தி ஏறுகிறது, சினிமாக்காரர்களின் படம் ஏறுகிறது. கைரேகை பார்க்கிறவனும் ராசிக்கல் விற்கிறவனும்கூட மூச்சு வாங்காமல் ஏறிவிடுகிறார்கள். காப்பிச் செடியை எடுத்துக்கொண்டால், அது இந்த மலைக்குச் சொந்தமான செடியே அல்ல. 1820-களில் சேலத்தில் கலெக்டராயிருந்த காக்பர்ன் துரை காலத்தில் வந்து சேர்ந்த செடி. கடல் கடந்து வந்த செடிக்கு மலை ஏற வழி கிடைத்தது. அது வேர்விட்டுப் பல முதலாளிகளையும் வளர்த்தது. ஆனால் அந்தச் செடியில் பழம் பறிக்கிற பெண்ணின் குடிசைக்கு ஒரு புத்தகம் போய்ச் சேருவதற்கு மட்டும் வழியில்லை என்று சொல்லுகிறார்கள். இதை நாம் நம்பத் தயாராயில்லை.

ஏற்காட்டில்தான் கிளை நூலகம் இருக்கிறதே, அப்புறம் என்ன குறை என்று சிலர் கேட்கக்கூடும். இருக்கிறது, இல்லையென்று சொல்ல வரவில்லை. சேலம் மாவட்ட நூலக ஆணைக்குழுவைச் சேர்ந்தது அது. யார் வேண்டுமானாலும் உள்ளே போய் உட்கார்ந்து பத்திரிகை படிக்கலாம். ஜாதி கேட்கமாட்டார்கள், காசும் கேட்கமாட்டார்கள். ஒரு சிறு காப்புத் தொகையும் சந்தாவும் கட்டினால் புத்தகத்தை வீட்டுக்கே எடுத்துப்போகலாம். காப்புத் தொகை, உறுப்பினராயிருப்பதை விட்டு விலகும்போது திரும்ப வருகிற பணம். சர்க்கார் உத்தியோகப் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகளுக்கு, கடையில் விலை கொடுத்து வாங்க முடியாத புத்தகங்கள் இப்படிப்பட்ட நூலகங்களில்தான் கிடைக்கும். வாசகர் வட்டம் என்று ஒன்றை அமைத்துக்கொண்டு கூட்டம் போடலாம், விவாதம் நடத்தலாம், இன்ன புத்தகம் வாங்கிப் போடுங்கள் என்று கேட்கலாம். இவ்வளவும் நல்ல ஏற்பாடுதான்.

ஆனால் ஏற்காடு என்பது ஏரியும் படகும் மட்டுமல்ல. அந்த ஊரைச் சுற்றி சேர்வராயன் மலையில் 67 கிராமங்கள் இருக்கின்றன. அவற்றில் வாழுகிறவர்கள் பெரும்பாலும் மலையாளிகள். (மலையாளி என்றால் கேரளத்துக்காரர் என்று கீழ்நாட்டு வாசகர்கள் எண்ணிக்கொள்ள வேண்டாம். இவர்கள் தமிழ் பேசுகிற மலைவாசிகள். தங்கள் முன்னோர்கள் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்று கதை சொல்லுகிறவர்கள்.) தூரத்து மலைக் கிராமத்திலிருந்து ஒருவர் ஒரு புத்தகத்தை எடுத்துப்போக ஏற்காட்டுக்கு வந்து திரும்ப வேண்டுமானால், பஸ் கூலி ஒரு பக்கம் போக, அன்றைய வேலைக் கூலியும் போய்விடும். அதே புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க இன்னொரு நாள் கூலி. 2 நாள் கூலி கொடுத்து இனாமாகப் புத்தகம் படிக்கிற மனிதன் உலகத்தில் எங்கேயாவது உண்டா?

நூலக வார விழா என்று வருஷா வருஷம் நவம்பர் 14 முதல் 20 வரை கொண்டாடுகிறார்கள். கீழ்நாட்டுக்குச் சரியான காலமாயிருக்கலாம். மலையில் அப்பொழுதுதான் காப்பிப் பழம் பறிக்கிற வேலை மும்முரமாக ஆரம்பிக்கிறது. தோட்டத்தில் வேலை செய்கிற ஆணும் பெண்ணும் விடிந்ததும் போய்ப் பொழுது சாயத் திரும்புகிற காலத்தில், பகல் 11 மணிக்கு மாலை போட்டுப் பேசுகிற விழாவுக்கு யார் வரமுடியும்? மே மாதத்தில் கோடை விழா நடத்துகிறார்கள். பூவைக் கொண்டு யானை, மயில் என்று உருவங்கள் செய்து வைக்கிறார்கள். அதே மாதத்தில்தான் மலை உச்சியில் உள்ள சேர்வராயன் குகைக் கோவிலுக்கும் திருவிழா. 67 கிராமத்து ஜனங்களும் கீழ்நாட்டாரும் ஒரே இடத்தில் கூடுகிற அந்த நாட்களில், பூவுக்குச் செலவிடுகிற பணத்தில் பத்தில் ஒரு பங்கு போதும், புத்தகத்துக்கு ஒரு பந்தல் போட்டு அங்கேயே உறுப்பினர் சேர்க்க. கோவில் வேண்டுமா வேண்டாமா என்ற தர்க்கத்தை இன்று நாம் எடுக்கவில்லை. சாமி பார்க்கச் செங்குத்து மலை ஏறுகிற கால்களுக்கு எதிரில் ஒரு புத்தகத்தையாவது வையுங்கள் என்றுதான் கேட்கிறோம்.

நிற்க. நூலகம் என்பது சர்க்கார் பார்த்துச் செய்கிற தருமம் என்று நம் ஜனங்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இதைப்போலத் தப்பான எண்ணம் வேறில்லை. 1948-ல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் செய்யப்பட்டது. சுதந்திர இந்தியாவில் அதுதான் முதல் நூலகச் சட்டம். அந்தச் சட்டப்படி உங்கள் வீட்டு வரியோடு சேர்த்து நூலக வரியும் வாங்கப்படுகிறது. இன்றைக்கு வீட்டு வரியில் ரூபாய்க்கு 10 காசு. நம்பாதவர்கள் பெட்டியிலிருந்து வரி ரசீதை எடுத்துப் பார்க்கலாம். எழுத்துத் தெரியாத கிழவியும் தன் ஓட்டு வீட்டுக்கு வரி கட்டும்போது நூலகத்துக்கும் சேர்த்தே கட்டுகிறாள். கட்டினவளுக்குப் புத்தகம் வந்து சேரவில்லையென்றால் அது அவள் தலையெழுத்து ஆகாது, பாக்கி. உள்ளாட்சிகள் வசூலித்த நூலக வரியை ஒழுங்காக நூலகத்துக்குக் கட்டாமல் வைத்துக்கொள்ளுகின்றன என்பதும் பழைய புகார்தான்.

இதை எழுதுகிறவன் நான்காம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடம் போகாதவன். மளிகைப் பொட்டலக் காகிதத்தை விரித்துப் படித்தும், சலூன் பெஞ்சில் ஒருவர் பத்திரிகை படிக்கப் பத்துப் பேரோடு உட்கார்ந்து கேட்டுமே கொஞ்சம் எழுத்தறிவு சம்பாதித்தவன். முதன்முதலாக ஒரு நூலகத்து வாசலில் கால் வைத்த நாளில், அங்கிருந்த ஒருவர் நம் வேட்டி அழுக்கைப் பார்த்துவிட்டு, "யாருக்கப்பா புஸ்தகம்? அவரையே வரச் சொல்லு" என்றார். எனக்குத்தான் என்று சொல்ல அன்றைக்கு நாக்கு எழவில்லை. திரும்பி வந்துவிட்டோம். மறுபடியும் உள்ளே போக 6 மாதம் ஆயிற்று. அந்த மனிதர் நம்மை அடிக்கவுமில்லை, வைதுவிடவுமில்லை. ஆனாலும் 6 மாதத்துப் படிப்பு போயிற்று. மலைக் கிராமத்துப் பையன் ஒருவன், தோட்டத்து வேலை முடிந்த கையோடு, சேறு பட்ட காலோடு நூலகத்துப் படியில் தயங்கி நிற்பானானால், "உள்ளே வா தம்பி" என்று ஒரு வார்த்தை சொல்லுகிற நூலகர் ஆயிரம் புத்தகத்துக்குச் சமானம்.

புத்தகத்தைக் கும்பிடத் தெரிந்த அளவுக்குப் படிக்கத் தெரியாத நாடு இது. உ.வே. சாமிநாதையர் ஏடு தேடி ஊர் ஊராக அலைந்தபோது, கரிவலம்வந்தநல்லூர்க் கோவிலில் இருந்த பழைய ஏடுகளை ஆகமப்படி நெய்யில் தோய்த்து ஓமத்தீயில் போட்டுவிட்டதாகச் சொன்னார்களாம். அவரே எழுதி வைத்திருக்கிறார். ஆடிப்பெருக்கில் ஆற்றில் விட்ட ஏடுகளுக்குக் கணக்கில்லை. எத்தனை பேருடைய அறிவு இப்படிப் புண்ணியத்தின் பேரால் புகையாகவும் தண்ணீராகவும் போயிற்றோ! புத்தகம் இருப்பது உபயோகத்துக்கு என்பதை முதல் விதியாக வைத்து 1931-ல் நூலகத்துக்கு 5 விதிகள் எழுதினார் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன். அவர் எந்த ஜாதியில் பிறந்தார் என்பதைப் பற்றி நமக்குக் கவலையில்லை; காரியம் நல்ல காரியம். அதே 1931-ல் மன்னார்குடிப் பக்கத்தில் கனகசபைப் பிள்ளை என்பவர் மாட்டு வண்டியில் புத்தகங்களை ஏற்றிக் கிராமம் கிராமமாக அனுப்பினார். மோட்டாரும் தார் ரோட்டும் இல்லாத காலத்தில் 2 மாடுகள் செய்த வேலையை, இன்று மலை ரோட்டில் ஓடுகிற இத்தனை வண்டிகளில் ஒன்றால் செய்ய முடியாதா?

அது சமவெளி, இது மலை என்று சாக்குச் சொல்லுகிறவர்களுக்கு இன்னொரு சங்கதி. கேரளத்தில் இடுக்கி மலையில் இடமலக்குடி என்கிற காட்டுக்குள், முதுவர் என்கிற மலைவாசிகள் நடுவில், தேநீர்க்கடை வைத்திருந்த ஒரு முதியவர் தம் மண் குடிசையிலேயே நூலகம் நடத்தியதைப் பத்திரிகையாளர் சாய்நாத் 2014-ல் எழுதினார். மொத்தம் 160 புத்தகங்கள்தான். நம்முடைய சிலப்பதிகாரமும் மலையாளத்தில் அதில் ஒன்று. யார் எதை எடுத்துப்போனார், எப்போது திருப்பித் தந்தார் என்று நோட்டில் கணக்கு. கூலிக்காரர்கள் எடுத்துப்போய்ப் படித்துத் திருப்பித் தந்திருக்கிறார்கள். ஆணைக்குழு இல்லை, கட்டிடம் இல்லை, திறப்பு விழா இல்லை. இங்கே நிலைமை என்ன? 2006 முதல் அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிகள்தோறும் நூலகக் கட்டிடம் கட்டினார்கள். நல்ல நோக்கந்தான். ஆனால் அவற்றில் பல பூட்டிக் கிடப்பதாகவும், புத்தகங்களைக் கரையான் தின்பதாகவும் தமிழ்நாட்டின் பல பக்கங்களிலிருந்தும் செய்தி வந்துகொண்டேயிருக்கிறது. கட்டிடத்துக்குக் கிடைத்த பணம் ஆளுக்குக் கிடைக்கவில்லை.

மலைக்காரருக்கு எழுத்தே தெரியாதே, புத்தகம் எதற்கு என்பார்கள் சிலர். அந்தக் காலம் போய்விட்டது, பிள்ளைகள் படிக்கிறார்கள். தெரியாதவர்களுக்குத் தெரிந்தவர் படித்துக் காட்டட்டும். நம் படிப்பகங்கள் பிறகு எப்படி வளர்ந்தன? ஒருவர் படித்தார், ஊர் கேட்டது.

எதைப் படிப்பது என்று கேட்டு எழுதுகிற தோழர்களுக்குச் சில சொல்லுகிறோம். தோட்டத் தொழிலாளர்கள் முதலில் படிக்க வேண்டியது டாக்டர் பி.எச். டேனியல் ஆங்கிலத்தில் எழுதி, இரா. முருகவேள் தமிழாக்கிய "எரியும் பனிக்காடு". ஆனைமலைத் தேயிலைத் தோட்டத்தில் வெள்ளைக்காரர் காலத்தில் கூலிகள் பட்ட பாடு அது. தன் பாட்டன் ஏன் கடனிலே செத்தான் என்பது அதைப் படிக்கிறவனுக்கு விளங்கும். புதுமைப்பித்தன் எழுதிய "துன்பக்கேணி" இலங்கைத் தோட்டத்துக் கதை. அதையும் சேர்த்துப் படிக்கலாம். சோளகர்களைப் பற்றிய ச. பாலமுருகனின் "சோளகர் தொட்டி", படுகர்களைப் பற்றிய ராஜம் கிருஷ்ணனின் "குறிஞ்சித் தேன்" இரண்டும் மலை ஜனங்களின் வாழ்க்கை. மனித ஜாதி எப்படிப் படிப்படியாக மாறி வந்தது என்பதைக் கதையாகவே தெரிந்துகொள்ள, ராகுல் சாங்கிருத்யாயனின் "வால்காவிலிருந்து கங்கை வரை". அம்பேத்கரின் ஜாதி ஒழிப்பு நூலைச் சொல்லாமல் விட்டால் இந்தப் பட்டியலுக்கு யோக்கியதையில்லை. கதை வேண்டாம் என்கிறவர்கள் 2006-ஆம் வருஷத்து வன உரிமைச் சட்டத்தைத் தமிழில் கேட்டு வாங்கிப் படிக்கட்டும். காட்டு நிலத்துக்கு உரிமை கோருகிற மனுவை முதலில் பரிசீலிக்கிற அதிகாரம் கிராம சபைக்கே உண்டு என்பதைப் படித்துத் தெரிந்துகொண்டவனை எந்தத் தரகனும் ஏமாற்ற முடியாது.

இன்னொன்று. சேர்வராயன் மலையாளிகளின் பாட்டும் கதையும் மூலிகை அறிவும் அந்த மலையின் நூலகத்தில் இருக்கவேண்டாமா? பெரியவர்கள் சொல்லச் சொல்லப் பிள்ளைகள் நோட்டில் எழுதட்டும். வாசகர் வட்டம் செய்யக்கூடிய வேலை இதைவிட வேறு என்ன?

ஆகவே நாம் கேட்பவை பெரிய காரியங்களல்ல. மாதம் 2 தடவையாவது ஒரு வண்டி புத்தகங்களோடு மலைக் கிராமங்களுக்குப் போகவேண்டும். சந்தை கூடுகிற நாளில் நூலகம் கட்டாயம் திறந்திருக்கவேண்டும்; அன்றைக்குத்தான் கிராமம் ஊருக்கு வருகிறது. நூலகத்துக்கு வரமுடியாதவர்கள் வீட்டுக்குத் தொண்டர்கள் புத்தகம் கொண்டுபோகிற "நூலக நண்பர்கள்" திட்டத்தை 2022-ல் சர்க்காரே அறிவித்தது. மலைக் கிராமத்துக்குக் கிராமம் படித்த வாலிபன் ஒருவனை, முடிந்தால் ஒரு பெண்ணையும், அந்தத் தொண்டுக்குச் சேர்த்துக்கொள்ளவேண்டும்.

ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 முதலிய நாட்களில் கிராம சபை கூடுகிறது. அடுத்து வருகிற சபையில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவாருங்கள். பெண்கள் கையெழுத்து அதில் அதிகமிருக்கட்டும். தீர்மானத்தின் நகலோடு மனு எழுதிச் சேலம் மாவட்ட நூலக அலுவலருக்கு அனுப்புங்கள். வாங்கிக்கொண்டதற்கு அத்தாட்சி கேளுங்கள். பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் கட்டி, எங்கள் ஊராட்சியில் வசூலான நூலக வரி எவ்வளவு, அதில் எங்கள் மலைக்குச் செலவான தொகை எவ்வளவு என்று இரண்டே கேள்வி கேளுங்கள். வருகிற பதிலை நமக்கு அனுப்பினால், ஒரு எழுத்தும் குறைக்காமல் இதே பக்கத்தில் அச்சிடுகிறோம்.