சித்திரமா, எழுத்தா?

சென்ற வாரம் தாம்பரம் ஸ்டேஷனில் ஒரு மூதாட்டியார் தம் கைபேசியை என்னிடம் நீட்டி, "தம்பி, எதை அமுக்கினால் டிக்கெட் வரும்? பணம் மட்டும் போய்விடப் போகிறது!" என்றார். திரையில் எழுத்தே இல்லை. ஒரு வட்டம், ஓர் அம்பு, மூன்று கோடுகள். தமிழ் நன்றாகப் படிக்கத் தெரிந்த அம்மையாருக்கு அவை விளங்கவில்லை. உண்மையைச் சொன்னால், எனக்கும் விளங்கவில்லை.

படம் போட்டால் பாமரருக்கும் புரியும் என்பது பொதுவான அபிப்பிராயம். 1951-52 தேர்தலையே அதற்குச் சான்று காட்டுவார்கள். நூற்றுக்குச் சுமார் 18 பேரே எழுத்தறிந்திருந்த அக்காலத்தில், ஒவ்வோர் அபேட்சகருக்கும் தனிப்பெட்டி வைத்து, அதன்மேல் சின்னத்தை ஒட்டினார்கள். வாஸ்தவந்தான். ஆனால், இரட்டைக் காளை தானாகவா காங்கிரஸைக் குறித்தது? சுவர் சுவராக வரைந்து, மேடை மேடையாகச் சொல்லி, ஜனங்களுக்குக் கற்பித்தார்கள் அல்லவா?

இந்த மூன்று கோடுகளை நமக்குக் கற்பித்தவர் யார்? கணினியில் சேமிப்பதற்கென்று ஒரு சிறு சதுரம் போடுகிறார்கள். அது வழக்கொழிந்த ஃபிளாப்பித் தட்டின் உருவம். இன்றைய பிள்ளைகளில் பெரும்பாலோர் அப்பொருளைக் கண்ணாலும் கண்டதில்லை!

நமது வோட்டு யந்திரத்தைப் பாருங்கள். நீலப் பொத்தானுக்கு நேரே சின்னமும் உண்டு, தமிழில் பெயரும் உண்டு. கைபேசித் திரையில் அம்புக்குக் கீழே 'டிக்கெட்' என்று நான்கெழுத்துப் போட இடமா இல்லை?

நான் எதையும் அமுக்கத் துணியவில்லை. அம்மையார் கைபேசியை முந்தானையில் முடிந்துகொண்டு, டிக்கெட் ஜன்னல் வரிசையில் போய் நின்றார்.