புறவழிச் சாலையின் இருபுறமும்

ஆடிப்பூரம் நெருங்கினால் ஸ்ரீவில்லிபுத்தூர் ரத வீதிகளுக்கு இடம் திரும்பக் கிடைக்கும். கடை வாசலில் நீட்டிவிட்ட தகரக் கூரை உள்ளே போகும். குறுக்கே தொங்கும் கேபிள் வயர் அவிழும். நடுத்தெருவில் நிற்கும் பைக்குகள் சந்துக்குள் ஒதுங்கும். ஆண்டாள் தேர் தமிழ்நாட்டின் பெரிய தேர்களில் ஒன்று. அது மூலையில் திரும்ப வேண்டுமென்றால் தெரு அதற்கேற்ற அகலத்தில் இருந்தாக வேண்டும். வீட்டுத் திண்ணை எதுவரை வரலாம், தாழ்வாரம் எதுவரை நீளலாம் என்பதை இந்த ஊரில் முதலில் முடிவு செய்தது தேர்தான். நகரமைப்பு அலுவலர் என்றொரு பதவி வந்ததெல்லாம் வெகுகாலம் கழித்து. தேர் நிலைக்கு வந்த மறுவாரமே தகரக் கூரை மறுபடி வெளியே எட்டிப் பார்க்கும் என்பது வேறு கதை.

பன்னிரண்டு கிலோமீட்டர் போல தெற்கே வந்தால் ராஜபாளையம். இங்கே தெருவை அளந்தது பஞ்சு. பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936-ல் ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கிய பிறகு மில்லைச் சுற்றி வீடும், வீட்டைச் சுற்றிக் கடையுமாக ஊர் பெருத்தது. ஊர் வளர்ந்த அளவுக்கு அதன் முதுகெலும்பான மதுரை–தென்காசி சாலை வளரவில்லை. பஞ்சு மார்க்கெட்டிலிருந்து காந்தி சிலை வரை உள்ள தூரத்தைக் காலை ஒன்பது மணிக்கு நடந்து கடப்பவர், பஸ்ஸில் உட்கார்ந்திருப்பவரை முந்திவிடுவார். சத்திரப்பட்டியில் நெய்த பேண்டேஜ் துணி ஏற்றிய வண்டியும், கேரளாவுக்குக் காய்கறி கொண்டு போகும் லாரியும், பள்ளிக்கூட வேனும் அதே சாலையில்தான். கார்த்திகை பிறந்துவிட்டால் ஐயப்ப பக்தர்களின் வேன்களும் சேர்ந்துகொள்ளும். சத்திரப்பட்டி சாலையின் ரயில்வே கேட்டுக்கு மேல் ஒரு பாலம் கட்டும் வேலையே ஆண்டுக்கணக்கில் இழுத்தது.

ஆகவே திருமங்கலத்திலிருந்து கொல்லம் போகும் தேசிய நெடுஞ்சாலை 744-ஐ நான்குவழியாக்கும் திட்டம் வந்தபோது, வேண்டாம் என்று சொல்ல இந்த இரண்டு ஊரிலும் யாருக்கும் மனம் வரவில்லை. திருமங்கலம்–வடுகபட்டி, வடுகபட்டி–தெற்கு வெங்காநல்லூர் என இரண்டு பகுதிகளாக ஏறக்குறைய 71 கிலோமீட்டர். ஸ்ரீவில்லிபுத்தூரையும் ராஜபாளையத்தையும் ஒதுக்கிவிட்டு வெளியே சுற்றிப் போகிறது பாதை. சாலை தேவைதான். பேச வேண்டியது அது போகும் வழியைப் பற்றியும், அது போன பிறகு இருபுறமும் நடக்கப் போவதைப் பற்றியும்.

வழியை முடிவு செய்யும் முறையை ஒரு தரம் கூர்ந்து பார்க்கலாம். தேசிய நெடுஞ்சாலைகள் சட்டம் 1956-ன் 3ஏ பிரிவின்படி மத்திய அரசு முதலில் அரசிதழில் அறிவிப்பு வெளியிடும். அதன் சாரம் இரண்டு செய்தித்தாள்களில் வர வேண்டும். ஒன்று வட்டார மொழியில் இருக்க வேண்டும். ஆட்சேபம் தெரிவிக்க அவகாசம் 21 நாள். செய்தித்தாளில் அந்த அறிவிப்பு வரும் பக்கத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: எறும்பு ஊர்ந்தாற்போல சர்வே எண்கள், உட்பிரிவு எண்கள், நஞ்சை, புஞ்சை, சதுர மீட்டர் என்று பத்தி பத்தியாக இறங்கும். தன் தென்னந்தோப்பு எந்த வரியில் இருக்கிறது என்று கண்டுபிடிக்கவே ஒரு விவசாயிக்குப் பாதி அவகாசம் போய்விடும். மீதிப் பாதியில் மனு எழுத ஆள் தேட வேண்டும்.

2013-ல் வந்த நிலம் கையகப்படுத்தல் சட்டம் பெரிய ஆறுதலாகப் பேசப்பட்டது. சமூகத் தாக்க மதிப்பீடு, கிராமத்தின் கருத்து என்றெல்லாம் அதில் உண்டு. நெடுஞ்சாலைக்காக எடுக்கும் நிலத்துக்கு அதிலிருந்து இழப்பீட்டுக் கணக்கும் மறுவாழ்வு ஏற்பாடும் மட்டும்தான் கிடைக்கின்றன; மதிப்பீடும் கருத்தும் கிடையாது. பாசன வசதியுள்ள இருபோக நிலத்தைக் கூடியவரை எடுக்கக் கூடாது என்ற 10-வது பிரிவுகூட சாலை, ரயில் போன்ற நீள்திட்டங்களுக்குப் பொருந்தாது என்று சட்டமே விலக்கு அளித்திருக்கிறது. பணம் தருவார்கள், கேட்கமாட்டார்கள் என்பதுதான் இதன் சுருக்கம்.

ராஜபாளையத்துக்குத் தெற்கே செங்கோட்டை வரை இதே சாலையை நீட்டும் திட்டத்தில் சிவகிரி, வாசுதேவநல்லூர், புளியங்குடி விவசாயிகள் மறியலுக்கும் மனுவுக்கும் இறங்கியது இதனால்தான். சாலையே வேண்டாம் என்று அவர்கள் சொல்லவில்லை. நஞ்சையையும் குளத்தையும் கிழித்துக்கொண்டு போகாமல் கிழக்கே புஞ்சைப் பக்கம் தள்ளிப் போடுங்கள் என்றார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து இறங்கும் ஓடைகள் எந்தக் குளத்தை நிரப்பி, எந்த மறுகாலில் வழிந்து, அடுத்த எந்தக் குளத்துக்குப் போகும் என்பது அந்த ஊர்களில் வயல்காரர் ஒவ்வொருவருக்கும் தெரியும். அதை வரைபடம் போட்டவர்கள் முதலில் கேட்டிருந்தால் செலவு குறைந்திருக்கும். கேட்காமல் விட்டால் வழக்கில்தான் முடியும்: சேலம்–சென்னை எட்டுவழிச் சாலையில் 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் ஒன்று சொன்னது, 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் வேறொன்று சொன்னது. இடையில் கழிந்த காலம் முழுக்க விவசாயி வேலி போடவும் தயங்கினார், விற்கவும் வழியில்லை.

முன்கூட்டிச் சொல்லிக் கேட்கும் முறை வேறு இடங்களில் உண்டு. அமெரிக்காவில் நம் மாவட்டம் போல இருக்கும் அமைப்புக்குக் கவுண்டி என்று பெயர். ஒரு நிலத்தின் பயன்பாட்டை மாற்ற யாராவது விண்ணப்பித்தால், பல கவுண்டிகளில் அந்த நிலத்தின் மேலேயே ஒரு பலகை நட்டுவிடுவார்கள். இந்த இடத்தில் இன்னது வரப்போகிறது, இந்தத் தேதியில் விசாரணை, வந்து பேசலாம் என்று அதில் எழுதியிருக்கும். அங்கேயும் பணக்காரர்கள்தான் பெரும்பாலும் ஜெயிக்கிறார்கள். அது சொர்க்கம் ஒன்றும் இல்லை. ஆனால் பால் வாங்கப் போகிறவர் கண்ணில் அந்தப் பலகை படுகிறது.

நம் ஊரில் வயலில் பலகை முளைக்கிறது என்றால் அது பிளாட் விற்கும் பலகைதான். புறவழிச் சாலைக்குக் கல் ஊன்றிய நாளிலிருந்தே புரோக்கர்கள் பக்கத்து சர்வே எண்களை விரல் நுனியில் வைத்திருப்பார்கள். முதலில் வரப்பு மறையும், அப்புறம் செம்மண் கொட்டுவார்கள், மஞ்சள் பெயின்ட் அடித்த கல் வரிசையாக நிற்கும், நாலு மூலையிலும் கலர் கொடி பறக்கும். 'முப்பதடி ரோடு, டிடிசிபி அப்ரூவல், வங்கிக் கடன் வசதி, நான்குவழிச் சாலைக்கு மிக அருகில்' என்று நோட்டீஸ் பஸ் ஸ்டாண்டுக்கு வரும். மழைக்காலத்தில் அந்த இடத்தில் தண்ணீர் எங்கே நிற்கும் என்பது நோட்டீஸில் இருக்காது.

அங்கீகாரமில்லாத மனைகளின் பத்திரப் பதிவுக்கு 2016 செப்டம்பர் 9-ல் சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டபோது தமிழ்நாடே ஒரு குலுங்கு குலுங்கியது. பெண் கல்யாணத்துக்கு என்று வாங்கிப் போட்ட மனையை விற்க முடியாமல் தவித்த குடும்பங்கள் ஏராளம். அடுத்த ஆண்டு மே மாதம் வரன்முறை விதிகள் வந்தன. 2016 அக்டோபர் 20-க்கு முந்தைய மனைகளுக்குக் கட்டணம் கட்டி அங்கீகாரம் வாங்கிக்கொள்ளலாம் என்றார்கள். தவறு செய்து மனை போட்டவர் விற்றுவிட்டுப் போய்விட்டார், கட்டணத்தைக் கட்டியவர் வாங்கியவர். இதையே நெடுஞ்சாலையின் இருபுறமும் இன்னொரு முறை நடத்திக் காட்டத் தேவையில்லை.

2019-ன் ஒருங்கிணைந்த வளர்ச்சி, கட்டட விதிகளில் நல்ல அம்சம் ஒன்று உண்டு. மனைப்பிரிவு 10,000 சதுர மீட்டரைத் தாண்டினால், அதாவது சுமார் இரண்டரை ஏக்கருக்கு மேல் போனால், சாலை நீங்கலாக உள்ள பரப்பில் 10 சதவீதத்தைப் பொது இடமாக உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். அதற்குக் கீழே 3,000 சதுர மீட்டர் வரை என்றால் இடத்துக்குப் பதில் பணம் கட்டலாம். பெரிய நிலத்தை இரண்டு ஏக்கர், இரண்டு ஏக்கராக வேறு வேறு பெயரில் பிரித்துப் போட்டால் பூங்காவுக்குப் பதில் பணம் கட்டித் தப்பிவிடலாம் என்பது கணக்குத் தெரிந்த யாருக்கும் புரியும். கொடுத்த பூங்கா இடத்திலும் சீமைக்கருவேலம் மண்டிக் கிடந்தால், பத்து வருஷத்தில் யாராவது ஒருவர் மாட்டுக் கொட்டகை போட்டுவிடுவார். இத்தனைக்கும் சென்னை மாகாணத்தின் முதல்வராக இருந்த பி.எஸ். குமாரசாமி ராஜா குடியிருந்த வீட்டையே காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்துவிட்டுப் போன ஊர் ராஜபாளையம்.

கண்மாய்களின் கதை இன்னும் மோசம். மதுரையில் உயர் நீதிமன்றக் கிளையே உலகனேரியில்தான் நிற்கிறது. ஏரி என்பது பெயரிலேயே இருக்கிறது. நீர்நிலை ஆக்கிரமிப்பை அகற்று என்று அந்தக் கட்டடத்திலிருந்தே எத்தனையோ உத்தரவுகள் வந்துவிட்டன. ஸ்ரீவில்லிபுத்தூர் பெரியகுளம் போன்ற பெரிய கண்மாய்க்குப் பெயரும் கரையும் இருப்பதால் ஓரளவு தப்பிக்கும். அழிவது வரத்துக் கால்வாய். நான்கடி அகல ஓடையை மனைப்பிரிவு வரைபடத்தில் சாலையாகக் காட்டிவிட்டால் போதும், கண்மாய் தானாகக் காய்ந்துவிடும். உயரமாகக் கரை கட்டிப் போடும் நான்குவழிச் சாலையில், எங்கே எவ்வளவு அகலத்தில் பாலம் விட்டார்கள் என்பதுதான் அடுத்த ஐம்பது ஆண்டுக்குக் கீழ்ப்பக்க வயல்களின் தலையெழுத்து.

ஊர் மேற்கே விரியவும் வழியில்லை. சாம்பல் நிற அணில் சரணாலயம் 1988-ல் வந்தது; 2021 பிப்ரவரியில் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டது. பரப்பு 1,016.57 சதுர கிலோமீட்டர், நாட்டின் 51-வது காப்பகம். செண்பகத்தோப்பு, அய்யனார் கோவில் பக்கத்து மாந்தோப்புகளுக்கும் தென்னந்தோப்புகளுக்கும் யானை இறங்கி வருவது புதிய செய்தி இல்லை. மலையடிவாரத்தில் ஃபார்ம் ஹவுஸ் என்று வேலி போட்டுக்கொண்டே போனால் யானைக்கும் தோப்புக்காரருக்கும் சண்டை கூடும், தீர்த்து வைக்க வனத்துறை ஓடும். மலைப் பக்கம் காடு, நடுவில் நெரிசலான பழைய ஊர். புதிதாக வரும் எல்லாம் கிழக்கே புறவழிச் சாலையைத் தேடித்தான் போகும். எங்கே கிடங்கு, எங்கே வீடு, எங்கே வயல் வயலாகவே இருக்க வேண்டும் என்று நிறம் தீட்டிய திட்டம், தார் காய்வதற்குள் வேண்டும். 1971-ன் நகர் ஊரமைப்புச் சட்டம் முழுமைத் திட்டத்துக்கு வழி சொல்லியிருக்கிறது. ஆனால் 1976-ல் முதல் முழுமைத் திட்டம் கண்ட சென்னை, இரண்டாவதை 2008-ல்தான் பார்த்தது. தலைநகருக்கே 32 ஆண்டு என்றால் ராஜபாளையம் எந்த வரிசையில் நிற்கும்?

இதையெல்லாம் கேட்க வேண்டியவர்கள் யார்? கவுன்சிலரும் பஞ்சாயத்துத் தலைவரும். அந்த நாற்காலிதான் அடிக்கடி காலியாக இருக்கிறது. 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்த நகராட்சிகளுக்கு 2022 பிப்ரவரியில்தான் தேர்தல் வந்தது. தாமிரபரணிக் குடிநீருக்கும் பாதாளச் சாக்கடைக்கும் ராஜபாளையத்தின் தெருக்களைத் தோண்டிப் போட்ட வேலையில் பெரும்பகுதி, கேள்வி கேட்க ஒரு கவுன்சிலர்கூட இல்லாத அந்த இடைக்காலத்தில் நடந்தது. ஊராட்சிகளுக்கும் அதே கதி: விருதுநகர் உள்ளிட்ட 27 மாவட்டங்களில் 2019 டிசம்பர் தேர்தலில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்தது, தனி அலுவலர்கள் வந்தார்கள். தனி அலுவலர் நல்லவராகவே இருக்கலாம். மாற்றல் உத்தரவு வந்தால் அவர் போய்விடுவார். வார்டுக்காரர் அதே டீக்கடைக்குத்தான் மறுநாளும் வந்தாக வேண்டும்.

அதனால் மாவட்ட நிர்வாகம் உடனே செய்ய வேண்டியவை பெரிய செலவு பிடிக்காதவை. புறவழிச் சாலையின் இருபுறமும் உள்ள ஊராட்சிகளில் ஓடை, கால்வாய், கண்மாய் எல்லைகளை அளந்து கல் நட வேண்டும். அந்தக் கணக்கு முடியும் வரை அங்கே புது மனைப்பிரிவுக்குக் கையெழுத்துப் போடக் கூடாது. நில உபயோக மாற்றம் கேட்டு வரும் ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் அந்த நிலத்திலேயே தமிழில் பெரிய பலகை வைக்க வேண்டும். தானமாக வந்த பூங்கா இடங்களின் பட்டியலை சர்வே எண்ணோடு ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்ட வேண்டும்.

கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் சுற்றுவட்டாரத்தில் இருப்பவர்கள் அடுத்த கூட்டத்துக்குப் போகும்போது தங்கள் ஊர் கிராம வரைபடத்தின் நகல் ஒன்றைக் கையோடு எடுத்துப் போங்கள். சாலை எங்கே வருகிறது, ஓடை எங்கே போகிறது என்று அதில் கோடு போட்டுக் காட்டச் சொல்லுங்கள். பதிலைத் தீர்மான நோட்டில் எழுதிய பிறகு கையெழுத்துப் போடுங்கள்.